ஒரு புதன்கிழமையின் உடம்பு

என் தம்பி செண்பகராஜ் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு இதைச் சொன்னால், அக்காக்காரி தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்பீர்கள். அவன் குடிக்க மாட்டான். பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை. பதினெட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை, அதை வைத்து அவளை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல வந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறான். கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற பட்டறை வைத்திருக்கிறான். காலையில் பட்டறை, சாயங்காலம் வீடு. வேறு ஒரு திசை தெரியாது.

அப்பேர்ப்பட்டவனை விட்டுவிட்டு அவன் பெண்டாட்டி பொன்செல்வி எட்டயபுரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊரெல்லாம் ஒரே கேள்விதான். என்ன குறை?

நானும் போய்க் கேட்டேன். அடுப்பு, பாய், இரண்டு பாத்திரம் தவிர அந்த வீட்டில் ஒன்றுமில்லை. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லத் தெரியல மைனி. அடிச்சிருந்தா அடிச்சாகன்னு சொல்லிருவேன். குடிச்சிருந்தா குடிச்சாகன்னு சொல்லிருவேன். அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது. இத யார்கிட்டப் போய் என்னன்னு சொல்ல?"

"ஆஸ்துமாவா இருக்கும்ட்டி. டாக்டரப் பாப்போம்" என்றேன், அவளைச் சிரிக்கவைக்க. சிரித்தாள். ஆனால் திரும்பி வரவில்லை. விவாகரத்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இங்கேதான் காப்பு வருகிறது.

இப்போது பிறந்த குழந்தைக்கே மாட்டிவிடுகிறார்கள். நாங்கள் நடுவயதில் மாட்டிக்கொண்டவர்கள். பார்க்க வெள்ளிக் காப்பு மாதிரிதான் இருக்கும். இருதயம், மூச்சு, பசி, வலி, நரம்பு முறுக்குவது, தளர்வது எல்லாவற்றையும் இரவும் பகலும் பதிந்துகொண்டே இருக்கும். நோய் வருவது முன்கூட்டியே தெரியும் என்றார்கள், தெரியவும் செய்தது. பிறகு எவரோ ஒரு புண்ணியவான், ஒருவர் காப்பில் இருப்பதை இன்னொருவர் உடம்பில் ஓட்டிக் காட்டுகிற சட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். பேச முடியாத நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டர்கள் போட்டுப் பார்த்து அறியத்தான் முதலில் அது வந்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு காப்பையும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் கிணற்றில் விழுந்த பிறகுதான் அதைத் தடுத்துச் சட்டம் போட்டார்கள். விவாகரத்துக்கு மட்டும் அதை விட்டுவைத்தார்கள். பிரிய நினைக்கிற புருஷனும் பெண்டாட்டியும், ஒரே வீட்டில் இருந்த நாட்களில் ஆளுக்கொரு நாளைத் தேர்ந்தெடுத்து மற்றவருக்குக் கொடுக்கவேண்டும். அதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. நாள் மாற்று என்று பெயர்.

இதனால் சேர்ந்து வாழப் போனவர்களும் உண்டு. எங்கள் தெரு ரைஸ்மில்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "கால் வலிக்குது, வேற என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்த கதையும் உண்டு.

செண்பகராஜுக்கு நாள் மாற்றில் அசைக்க முடியாத நம்பிக்கை. தூத்துக்குடி மையத்துக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான்.

"அவ எந்த நாளக் குடுப்பா யக்கா? அவ தம்பி கல்யாணத்துக்குப் போக வேண்டாம்னு சத்தம் போட்டேன்ல, அந்த நாளா இருக்குமோ?"

"இருக்கும்."

"இல்லாட்டி, சோத்துத் தட்ட நவுத்தி வெச்சிட்டு எந்திரிச்சேனே, அதுவா?"

"எத்தன நாள்லே வெச்சிருக்க?"

"ரெண்டே ரெண்டுதான் யக்கா. பதினெட்டு வருசத்துல ரெண்டே ரெண்டு. வேற யாரையும் சொல்லச் சொல்லு பாப்போம்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "நான் எந்த நாளக் குடுக்கப் போறேன் தெரியுமா? அவளுக்குக் கர்ப்பப்பைய எடுத்தாகள்ல, அந்த நாளு. அதப் போட்டுப் பாத்தான்னா பையத் தூக்கிட்டு அங்கயிருந்தே வீட்டுக்கு வந்துருவா."

மையத்தில் பிரிசில்லா மேடம் என்று ஒரு ஆலோசகர். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டே பேசுவார். பொன்செல்வி எங்களுக்கு முன்னாலேயே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியளா மைனி?" என்றாள். அவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும் மேடம்" என்றாள் அவள். "இது இல்லாம முடியாதா? ஆஸ்பத்திரிக்காரங்க இந்த உடம்பத் தெறந்து பாத்தாச்சு. இப்ப இவுகளும் உள்ள வந்து பாக்கணுமா? எனக்குப் பிரியணும்னு நான் சொன்னாப் பத்தாதா?"

மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "பத்தணும்மா. உண்மையிலேயே பத்தணும். ஆனா சட்டம் இப்படி இருக்கு. என்ன நடந்துச்சுன்னு வாயால சொன்ன பொம்பளைங்கள யாரும் நம்பலைன்னுதான் இது வந்துச்சு."

"அப்ப என் காப்பு சொன்னா நம்புவாகளா?"

பொன்செல்வி கொஞ்ச நேரம் தன் காப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "சரி. மைனி மட்டும் உள்ள இருக்கட்டும். வேற யாரும் வேண்டாம்."

செண்பகராஜைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கருப்பாக ஒரு முழுக்கைச் சட்டை, கையுறை, கழுத்துக்கு ஒரு பட்டை எல்லாம் மாட்டினார்கள். பைக்கில் போகிறவன் மழைக்கோட்டுப் போட்ட மாதிரி இருந்தான்.

"சார், இது சினிமா இல்ல. படம் வராது, குரல் வராது. அவங்க என்ன நெனச்சாங்கன்னு தெரியாது. உடம்பு மட்டும்தான். அவங்களுக்குப் பசிச்சா உங்களுக்குப் பசிக்கும், வலிச்சா வலிக்கும். ஒரு நாளச் சுருக்கி ஒரு மணி நேரத்துல ஓட்டுவோம். முடியலைன்னா கையத் தூக்குங்க."

"என்ன நாளு மேடம்? தட்ட நவுத்துன நாளா?"

மேடம் திரையைப் பார்த்தார். "ஒரு புதன்கிழமை சார். போன வருசம் பங்குனி மாசம்."

"புதன்கிழமையா? அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொன்செல்வி தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"ஒண்ணும் நடக்கல."

கதவைச் சாத்தினார்கள். ஓட ஆரம்பித்தது.

முதலில் கொட்டாவி விட்டான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். "என்ன யக்கா, இப்படி வலிக்குது? எந்திரிச்ச ஒடனேயேவா?" கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையையும் உதறினான். "விரலெல்லாம் எரியுது!"

"கம்பெனிக்குப் போயிட்டா போலருக்கு" என்றேன். அவள் கடலை மிட்டாய்க் கம்பெனியில் வேலை பார்த்தாள். கொதிக்கிற பாகில் கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறும் முன்னால் பலகையில் தட்டவேண்டும். விரல் நுனியில் ரேகையே இருக்காது.

இன்னும் கொஞ்சம் போனது. அவன் காலை நெருக்கிக்கொண்டான். முகம் சிவந்துவிட்டது.

"மேடம், நிறுத்துங்க. எனக்கு ஒண்ணுக்கு வருது."

"உங்களுக்கு இல்ல சார். அவங்களுக்கு."

"அப்ப அவ போகவேண்டியதுதான?"

"எங்க போவா?" என்றேன் நான். "அங்க கக்கூசுக்கு ஆம்பளையாளுக உக்காந்து பீடி குடிக்கிற எடத்தத் தாண்டித்தான் போகணும். வீட்டுக்கு வந்துதான் போவா."

"தெனமுமா?"

"லீவு நாள் தவிர."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். இதுவரை எனக்குச் சந்தோஷம்தான், உண்மையைச் சொன்னால். படட்டும், தெரிந்துகொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கஷ்டத்தைக் காட்டத்தான் அவள் இந்த நாளைக் கொடுத்தாள் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். வீட்டுக்குப் போனதும் கம்பெனி வேலையை விடச் சொல்லிவிடலாம், விஷயம் முடிந்தது என்று கணக்குப் போட்டிருப்பான்.

திரையில் மதியம் தாண்டியது. வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்திருப்பாள்.

அப்போது அவன் முகத்தில் ஒன்று நடந்தது. எப்படிச் சொல்வது? ஐஸ்கட்டி தண்ணீராகிறதே, அப்படி. முதலில் நெற்றி இளகியது. பிறகு தாடை. அவன் தோள் எப்போதும் சண்டைக்குப் போகிறவன் தோள் மாதிரி தூக்கியே இருக்கும். அது இறங்கியது. கை விரல்கள் தானாக விரிந்தன. சட்டைக்குள் வயிறு ஏறி இறங்குவது எனக்கே தெரிந்தது, தூங்குகிற பிள்ளைக்கு ஏறி இறங்குகிற மாதிரி.

"என்னலே? முடிஞ்சிருச்சா?"

"பேசாத யக்கா."

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தொண்டையில் ஏதோ அசைந்தது. பாடுகிறாளோ, யாரோடாவது போனில் பேசுகிறாளோ, சட்டைக்குத் தெரியாது. பிரிசில்லா மேடம் கண்ணாடியைத் தொடவில்லை.

பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அவன் உடம்பு சுருட்டிக்கொண்டது.

தோள் காதுக்கு ஏறியது. வயிறு உள்ளே போனது. விரல்கள் எல்லாம் மூடிக்கொண்டன. மூச்சைக் காணோம். நாற்காலியில் பாதி எழுந்துவிட்டான்.

"யாரு வந்தா? யக்கா, எவனோ வீட்டுக்குள்ள வந்துட்டான்! அவ பயப்படுதா!"

"சார், உக்காருங்க."

"என்னத்த உக்கார? எம் பொண்டாட்டி தனியா இருக்கா மேடம், எவனோ உள்ள வந்துருக்கான்! வயித்துல கல்லு மாதிரி விழுகுது! எவன்னு பாருங்க, எனக்கு இப்பத் தெரியணும். இவ்வளவு நடந்திருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! அன்னைக்கு நான் எங்க போய்த் தொலைஞ்சேன்?"

மேடம் ஓட்டத்தை நிறுத்தினார். திரையில் எதையோ தேடி எடுத்தார். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"சார், இது உங்க காப்பு. அதே புதன்கிழமை, அதே நேரம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன். இது உங்க தொண்டை. இங்க ஒரு அசைவு இருக்கு பாருங்க. இது அவங்க வயிறு."

அவனுக்குப் புரியவில்லை.

"நீங்கதான் சார் வந்தீங்க. வாசல்ல நின்னு செருமியிருக்கீங்க."

பட்டறைக்கு அவன் போய் வருகிற வண்டி பேட்டரி வண்டி, சத்தமே வராது. கேட்டைத் தொடும்போது ஒரு செருமல் செருமுவான். அதுதான் அவன் வந்துவிட்டான் என்பதற்கு அடையாளம்.

"வேற நாளு பாருங்க" என்றான். "அன்னைக்கு வேற எதுக்காச்சும் பயந்திருப்பா."

"அவங்க சம்மதிக்கணும்."

கதவைத் திறந்து பொன்செல்வியிடம் கேட்டார். அவள் தலையசைத்தாள். அடுத்த நாள், அதற்கடுத்த மாதம், காப்பு மாட்டிய புதிதில் ஒரு நாள் என்று மேடம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். தொண்டை அசைகிறது, வயிறு இறுகுகிறது. எல்லா நாளும். சண்டை போட்ட நாளிலும் அதேதான், மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போன நாளிலும் அதேதான்.

"மேடம், அது மரியாதைக்குச் செய்யறது" என்றான். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தான். "சொல்லேன் யக்கா. பொம்பளையாளுக இருக்கிற வீட்டுக்குள்ள ஆம்பளை பட்டுன்னு நுழையக்கூடாது, அவுக சேலைய கீலைய சரி பண்ணிக்கிட நேரம் குடுக்கணும், செருமிட்டு வரணும்னு அப்பாதான சொல்லிக்குடுத்தாக? அப்பா செருமுனா எனக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கும்! ஓடிப்போய்க் கேட்டத் தெறப்பேன். பொட்டலம் இருக்கும் கையில."

"நீ தெறப்ப" என்றேன்.

"ஏன், நீ?"

"அப்பா செருமுனா அம்மா ரேடியோவ நிறுத்திருவா. நான் கையில இருக்கிற புஸ்தகத்த அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சிட்டு வெளக்கமாத்த எடுப்பேன். உனக்கு அது தெரியாதுல்ல, நீதான் வாசலுக்கு ஓடிட்டியே."

"அப்பா உன்னய அடிச்சதே இல்லியே!"

"அடிக்கலதான்."

அவன் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். மேடம்தான் ஒவ்வொரு பட்டையாக அவிழ்த்துவிட்டார்.

அடுத்தது பொன்செல்வியின் முறை. அவன் வெளியே பெஞ்சுக்குப் போனான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி நாள் ஓட ஆரம்பித்தது.

அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருந்தது. செண்பகராஜ் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஃபேன் ஓடவில்லை என்று நர்சோடு சண்டை போட்டான். அவள் மயக்கம் தெளிந்து பார்த்தபோது, "ஒண்ணும் இல்ல. எல்லாப் பொம்பளைகளுக்கும் நடக்கிறதுதான்" என்றான். அந்த வார்த்தைக்காக நானே அவனைத் திட்டினேன்.

பொன்செல்வி வயிற்றைத் தடவினாள். "பசிக்குது மைனி. இவுக அன்னைக்கு ஒண்ணுமே சாப்பிடலையா? கேண்டீன்ல பரோட்டா சாப்பிட்டேன்னு சொன்னாகளே." கொஞ்ச நேரத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்னமோ வந்து வந்து நிக்குது. அழுகையா? வெளிய வர மாட்டேங்குது. ஐயோ மைனி, நெஞ்ச யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கு. இவ்வளவு நேரமுமா?"

"ஆபரேசன் நாலு மணி நேரம்ட்டி."

அவனால் அழ முடியாமல் போனதை அவள் அழுது முடித்தாள். சட்டையைக் கழற்றியதும் நேராகக் கதவைத் திறந்துகொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். நானும் மேடமும் பின்னாலேயே போனோம்.

"ஒரு வார்த்த சொன்னா என்னங்க? எனக்காகப் பயந்தேன்னு ஒரு வார்த்த. சொன்னா உங்க மீசை உதிர்ந்துருமா?"

அவன் நிமிரவில்லை.

"வாரேன்" என்றாள். "வீட்டுக்கு வாரேன்."

என் மனசு எப்படித் துள்ளியது என்று நினைக்கிறீர்கள்! அவன் மட்டும் தலையை ஆட்டினான்.

"வேண்டாம் செல்வி. நீ வர வேண்டாம். நான் கையெழுத்துப் போட்டுருதேன். அந்த வீட்டுல நீ இருக்கக்கூடாது. நான் முடிவு பண்ணிட்டேன்."

அவள் முகம் மாறியது. "அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டியளாக்கும்?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"கல்யாணத்துக்குப் போக வேண்டாம்னதும் என் நல்லதுக்கு. சாயங்காலமானா வாசல்ல நிக்கக்கூடாதுன்னதும் என் நல்லதுக்கு. இப்பப் போன்னு சொல்றதும் என் நல்லதுக்கா? ஒரு தடவையாச்சும் என்னயக் கேளுங்களேன்!"

பிரிசில்லா மேடம் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தார்கள். அவன் பேசத் தயாரானான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நீயே சொல் என்று கேட்கப் போகிறான். கேட்பதற்கு முன்னால், பழக்கத்தில், ஒரு செருமல் செருமினான்.

அவள் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. தோள் ஏறியது. எல்லாருமே பார்த்தோம். அவளும் பார்த்தாள், தன் கையை, வேறு யாருடைய கையோ போல. வலுக்கட்டாயமாக ஒவ்வொரு விரலாக விரித்தாள்.

"பாத்தியளா" என்றாள் மெதுவாக. "நீங்க கெட்டவுக இல்லன்னு எனக்கு இப்பத் தெரியும். மனசுக்குத் தெரிஞ்சிருச்சு. இந்த உடம்புக்கு யாரு போய்ச் சொல்ல?"

"இனிமே செருமவே மாட்டேன் செல்வி. சத்தியமா."

"செருமாம வந்தா இன்னும்ல பயமா இருக்கும்? எப்ப வந்து நிப்பியன்னே தெரியாதே."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவனுக்கும் வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அப்படி அவர்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"செருமல் இல்லைங்க விசயம். நீங்க வர்றவரைக்கும் அது என் வீடு. நீங்க வந்ததும் அது உங்க வீடு, நான் அதுல வேலைக்கு நிக்கிறவ. எங்க நிக்கணும், எப்படி உக்காரணும், எதுக்குச் சிரிச்சேன்னு கேட்டா என்ன சொல்லணும், எல்லாத்தையும் உடம்பு தயார் பண்ண ஆரம்பிச்சிரும். நீங்க ஒண்ணும் சொல்லாட்டியும் அது தயாராத்தான் நிக்கும். நாப்பத்தஞ்சு வயசாச்சு எனக்கு. இனிமே அதுக்குப் புதுசாச் சொல்லிக்குடுத்து, அது கத்துக்கிட்டு... எனக்குத் தெம்பு இல்லைங்க."

"அப்ப என்ன செய்யணும் நான்? நீ சொல்லு."

பதினெட்டு வருஷத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுவோம்" என்றாள்.

போட்டார்கள். முதலில் அவள், பிறகு அவன்.

தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டிக்குப் போகிற பஸ் எட்டயபுரம் வழியாகத்தான் போகும். கையெழுத்துப் போட்டுப் பிரிந்த இரண்டு பேர் அரை மணி நேரத்தில் ஒரே பஸ்ஸுக்காக நின்றால் என்ன செய்யவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. பஸ் வந்தது. நானும் பொன்செல்வியும் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். அவன் பின்னால் போய் எங்கோ உட்கார்ந்தான். கண்டக்டர் வந்ததும் பழக்கதோஷத்தில், "ஒரு கோவில்பட்டி, ரெண்டு லேடீஸ்" என்று முன்னால் கையைக் காட்டினான். பொன்செல்வி திரும்பிப் பார்த்தாள்.

உப்பளம் எல்லாம் தாண்டி வெயில் இறங்குகிற நேரத்தில் அவன் எழுந்து வந்தான். எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"செல்வி, உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? சொல்லணும்னு இல்ல."

"கேளுங்க."

"அந்தப் புதன்கிழமை. மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டு, சாயங்காலம் நான் வரும் முன்ன... அவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்த? நெஞ்சு அவ்வளவு லேசா இருந்துச்சே. பாடுனியா? யார்கூடயும் பேசிட்டிருந்தியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யோசித்தாள். அவள் உதட்டோரத்தில் ஒரு நொடி அந்த மத்தியானம் வந்துவிட்டுப் போனது. நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் அது தெரியாது.

"அது என்னோடதுங்க" என்றாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய செண்பகராஜாக இருந்தால் எங்கிட்ட என்ன மறைக்கிற என்று கேட்டிருப்பான். இப்போதும் அந்தக் கேள்வி வாய்வரை வந்ததை நான் பார்த்தேன்.

"சரி" என்றான்.

எட்டயபுரம் வந்தது. அவள் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்தாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று நான் எதிர்பார்த்தது தப்பு. பஸ் கிளம்பியதும் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சொல்லலியேன்னு வருத்தமாலே?"

"இல்ல யக்கா. அவகிட்ட அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு தெரிஞ்சுதுல்ல, அது போதும்." கொஞ்சம் பொறுத்து, "வருத்தம் அது இல்ல" என்றான்.

"வேற என்ன?"

"அவ கஷ்டத்தப் பாக்கப் போறேன்னு நெனச்சுத்தான் போனேன். ஆனா அந்தக் கொஞ்ச நேரம், எப்படி இருந்துச்சு தெரியுமா? எனக்கு அப்படி ஒரு நாளும் இருந்ததில்ல. பட்டறையில இல்ல, வீட்டுல இல்ல, சின்ன வயசுலகூட இல்ல. ஆம்பளை எப்பவும் விறைப்பா இருக்கணும், காவக்காரன் மாதிரி இருக்கணும்னு இருந்துட்டேன். உடம்புக்கு அப்படியெல்லாம் இருக்க முடியும்னே எனக்குத் தெரியாது. அம்பது வயசுல அவ உடம்ப வாங்கிப் போட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவன் கவலைப்படவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். தோளை இறக்கிப் பார்த்தான். விரல்களை மடியில் விரித்துவைத்தான். வயிற்றில் ஒரு கையை வைத்து, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, மெதுவாக விட்டான். மறுபடியும் இழுத்தான். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"வருதாலே?" என்று கேட்டேன்.

"இல்ல யக்கா."